திறந்து பார்த்த காலமும் பார்த்துத் திறக்கும் காலமும்

"ஓபன் பண்ணிப் பார்த்தாத்தாம்மா தெரியும்."

1980களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்கள் பலர் மருத்துவர் வாயால் கேட்ட வாக்கியம் இது. மாதாமாதம் சுருட்டிப் போடும் அடிவயிற்று வலிக்கு இதைத் தாண்டிச் சொல்ல அன்றைய மருத்துவரிடமும் அதிகம் இல்லை. வயிற்றைத் திறந்த பிறகே என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். உள்ளிருந்து எது எடுக்கப்பட்டது என்பது படுத்திருந்தவளுக்கு அதற்கும் பிறகுதான் தெரியவரும். மயக்கம் தெளிந்து, வாய் உலர்ந்து கிடக்கையில், கணவரோ மாமியாரோ சொல்லித்தான் அறிவாள். இந்த நாற்பது ஆண்டுகளில் அந்த வரிசை தலைகீழாகியிருக்கிறது. முதலில் படம், பிறகு பேச்சு, அதன் பிறகே கத்தி. குடலைப் பற்றிக்கொண்ட எண்டோமெட்ரியோசிஸுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகப் பார்க்கலாம். நம் புறநகர்ப் பெண்கள் இந்தப் புதிய வரிசையை முழுமையாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வேர்விட்டு வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதவிலக்கின் ஹார்மோன் சுழற்சிக்கு ஏற்ப அதுவும் வீங்கும், கசியும். கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகி, தழும்பு தடித்து, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் வந்தால் அது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 'சாக்லேட் கட்டி'. அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921இல் அந்தக் கட்டிகளை விரிவாக எழுதினார். மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதால் இந்நோய் வருகிறது என்ற விளக்கமும் அவருடையதே. அந்த விளக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. பின்னோக்கிப் பாய்வது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோய் சிலருக்குத்தான் வருகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அவர்களில் 5 முதல் 12 சதவீதம் பேருக்கு நோய் குடலைத் தொடுகிறது. பெரும்பாலும் மலக்குடலையும் அதற்கு மேலே வளைந்து செல்லும் பெருங்குடல் பகுதியையும். பீரியட்ஸ் நாட்களில் மோஷன் போகும்போது உயிர் போகிற வலி வரும். வயிறு உப்பும். ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் நான்கு முறை வயிற்றுப்போக்கு. தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலி. சிலருக்கு அந்த நாட்களில் மட்டும் மலத்தோடு ரத்தம். மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் இந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம். அன்று அந்தத் தொடர்பை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை? அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் பட்டரவாக்கம், கொரட்டூர் ரயில் நிலையங்களில் காலை எட்டு மணிக்கு இறங்கும் கூட்டத்தில் பெண்கள் கணிசமாகக் கூடினார்கள். அசெம்பிளி லைனிலும் தையல் மெஷினிலும் உட்கார்ந்தவர்கள், இரண்டாவது முறை பாத்ரூம் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. திருமுல்லைவாயலில் இருந்த என் பெரியம்மா அந்த மூன்று நாட்களும் வெறும் கஞ்சித் தண்ணீர்தான் குடிப்பார். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் மோஷன் வராது, வராவிட்டால் வலிக்காது என்பது அவராகவே கண்டுபிடித்த வைத்தியம். 'தூரமான' நாட்களில் பசிக்காது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். மலம் கழிக்கையில் வலிக்கிறது என்று ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசி, வெறும் 'வயித்து வலி' என்று சொன்னவர்களுக்கு அல்சர் மாத்திரை கிடைத்தது. சொல்லத் துணிந்தவர்களுக்கு மூலத்துக்கான களிம்பு கிடைத்தது. வீட்டில் பெருங்காய மோரும் வெந்தயமும். எல்லாவற்றுக்கும் மேலாக, "உடம்பு சூடு, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற தீர்ப்பு. கல்யாணம் ஆனவளுக்கு, "ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்." குழந்தையே உண்டாகாமல் போவதற்கு இதே நோய் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அந்தப் பேச்சில் வரவே வராது.

தாங்க முடியாமல் போனபின் வழி நகரத்துக்குள் போனது. ஆவடியிலிருந்து ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனையான ஜி.எச்., கொஞ்சம் தள்ளி எழும்பூர் ஆஸ்பத்திரி. 1844 முதல் இயங்கிவரும் எழும்பூர் மகப்பேறு நிலையம் இந்தப் பகுதிப் பெண்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அங்கே பணியாற்றிய மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கையில் இருந்தவற்றைக் கொண்டு அவர்கள் செய்தார்கள். ஆனால் அமைப்பிலேயே ஒரு பிளவு இருந்தது. பெண்களுக்கான மருத்துவமனை எழும்பூரில். பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் வளர்த்தெடுத்த குடல் அறுவைச் சிகிச்சைத் துறை ஜி.எச்.இல். இரண்டும் ஒரே மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை, வளாகங்கள் வேறு. வயிற்றைத் திறந்த மகப்பேறு மருத்துவர், மலக்குடலும் கர்ப்பப்பையும் ஒட்டிப்போய்க் கிடப்பதை அப்போதுதான் காண்கிறார். குடல் சுத்தம் செய்யப்படவில்லை. குடல் நிபுணர் பக்கத்தில் இல்லை. நோயாளியிடம் குடலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அந்த நிலையில் என்ன நடக்கும்? குடலைத் தொட அஞ்சி அப்படியே தைத்து மூடிவிடுவது ஒன்று. கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு, குடலில் உள்ள நோய்த் திசு முடிச்சைத் தானாக வாடட்டும் என்று விடுவது மற்றொன்று. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலைக்குப் போய்விடுவாள். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வேர்த்துக் கொட்டும், எலும்பு தேயத் தொடங்கும், இதய நோய் அபாயம் கூடும். இத்தனைக்குப் பிறகும் ஆழமான முடிச்சு குடலிலேயே இருந்தால் வலி போகாமலும் இருக்கும். இன்னும் சிலருக்கு, குடல் அடைத்துக்கொண்டு வந்து, புற்றுநோய் என்று கருதிப் பெருங்குடலின் பெரும் பகுதியை வெட்டியபின், பயாப்ஸியில் இது புற்றுநோயே இல்லை என்று தெரியவந்தது. மருந்து என்று பார்த்தால் 1970களில் வந்த டானசோல். வலியைக் குறைத்தது. முகத்தில் முடி முளைக்கச் செய்தது, குரலைத் தடிக்கச் செய்தது. பாதியில் நிறுத்தியவர்களே அதிகம் என்பதில் வியப்பில்லை.

பெரியம்மாவுக்கும் ஆபரேஷன் ஆனது. 'எல்லாத்தையும் எடுத்துட்டாங்க' என்பார். அந்த 'எல்லாம்' எதெது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இது ஏதோ ஏழைப் பெண்ணுக்கும் அரசு மருத்துவமனைக்கும் மட்டும் நேர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1995 மே மாதம் டெல்லியில் 44 வயதுத் திருமணமாகாத பெண் ஒருவர் நீடித்த ரத்தப்போக்குக்காகத் தனியார் மருத்துவரிடம் போனார். சிறு துளை வழியே கேமரா செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்துக் காரணம் கண்டறியக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதைக் கண்ட மருத்துவர், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் அனைத்தையும் எடுத்துவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடத்தினார். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய அந்தத் தீர்ப்பு சொல்வது இதுதான்: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காக அவள் தாய்கூடச் சம்மதிக்க முடியாது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால் இன்று ஆபரேஷனுக்கு முன் நம்மிடம் வைக்கப்படும் ஒவ்வொரு சம்மதப் படிவத்துக்குப் பின்னாலும் அந்தப் பெண்ணின் வழக்கு நிற்கிறது. கணவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எந்த மருத்துவமனையிலாவது சொன்னால், போதாது என்று சொல்லும் உரிமை நம் பெண்களுக்கு இருக்கிறது.

கருவிகள் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் கீல் நகரில் 1980இல் குர்ட் செம் லேப்ராஸ்கோப்பி வழியாகக் குடல்வாலை அகற்றினார். அவர் மகப்பேறு மருத்துவர். மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா 1990இல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தார். 1991இல் கோயம்புத்தூரில் சி. பழனிவேலு தொடங்கினார். அதே 1991இல் அமெரிக்காவில் டேவிட் ரெட்வைன் குடல் எண்டோமெட்ரியோசிஸுக்காக லேப்ராஸ்கோப்பி வழியே பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைத்ததைப் பதிவு செய்தார். துளை சிறியது என்பதை மட்டும் பெருமையாகப் பேசுகிறோம். என் பார்வையில் அதைவிடப் பெரிய லாபம் கண்ணுக்குத்தான். கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் உள்ள ஆழமான இடுக்கு, வயிற்றைக் கிழித்துத் திறந்தாலும் சரியாகத் தெரியாத இடம். கேமரா அங்கே போய் நின்று பெரிதாக்கிக் காட்டுகிறது. சிறுநீர்ப்பைக்குப் போகும் மெல்லிய நரம்புகளைக் கண்டு ஒதுக்கிவிட்டு வெட்ட முடிகிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் மாற்றம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, ஸ்கேன் அறையில் நடந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டிலும், இடுப்புக்குழி எம்.ஆர்.ஐ.யிலும், முடிச்சு குடல் சுவரில் எத்தனை ஆழம் போயிருக்கிறது, எத்தனை நீளம், ஆசனவாயிலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரம், சிறுநீர்க்குழாயை நெருக்குகிறதா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நோயை உறுதிசெய்யவே லேப்ராஸ்கோப்பி கட்டாயம் என்ற பழைய நியதியை ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்வதில்லை. வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மட்டும் எடுத்து, 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஸ்கேனில் குடல் முடிச்சு தெரியாது. கொலோனாஸ்கோப்பியும் பெரும்பாலும் நார்மலாகவே வரும், ஏனென்றால் நோய் குடலின் வெளிச்சுவரிலிருந்து உள்ளே வருகிறது, உட்சவ்வைத் தொடுவது அரிது. இருபத்திரண்டு வயதில் மாதாமாதம் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு 'நார்மல்' ரிப்போர்ட் வந்தால், அவளை நடிக்கிறாள் என்று சொல்லும் முன் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

இன்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வழி நீளமில்லை. போரூரில் 1985இல் ராமச்சந்திரா வந்தது. பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, தண்டலம் என்று மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மகப்பேறு, குடல் அறுவை, சிறுநீரகவியல், ஸ்கேன் ஆகிய துறைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது அன்று எழும்பூருக்கும் ஜி.எச்.க்கும் நடுவே இருந்த இடைவெளியை மூடுகிறது. கூரை ஒன்றாக இருப்பதாலேயே அந்தத் துறைகள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசும் என்று சொல்ல முடியாது. அதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "என் ஆபரேஷன்ல குடல் சர்ஜனும் கூட இருப்பாரா டாக்டர்? இந்த மாதிரி கேஸ் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை பண்ணியிருக்கீங்க?" நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால், இன்னொருவரைப் பார்க்கலாம்.

இனி, என்னவெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்பது.

முதலில், ஆபரேஷன் எல்லோருக்கும் தேவையில்லை. குடலில் முடிச்சு இருக்கிறது என்பதற்காகவே வெட்ட வேண்டியதில்லை. டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையில் வலி அடங்கி, குடல் அடைப்பும் இல்லாமல், உடனே குழந்தைக்கு முயலவும் இல்லை என்றால் மருந்தோடு பல ஆண்டுகள் போகலாம். குடல் சுருங்கி அடைக்கிறது, சிறுநீர்க்குழாய் நெருக்கப்பட்டுச் சிறுநீரகம் வீங்குகிறது, மருந்துக்கும் வலி அடங்கவில்லை என்ற நிலையில்தான் கத்தி. குழந்தை வேண்டுமென்றால் ஆபரேஷன் முதலா, ஐ.வி.எஃப். முதலா என்பதைத் தனியே உட்கார்ந்து பேச வேண்டும். சாக்லேட் கட்டியையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் சினைமுட்டை இருப்பு குறையும். ஆபரேஷனுக்கு முன்பே அந்த இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஆபரேஷனில் மூன்று வகை. சட்டியின் அடியில் பிடித்ததைச் சட்டி ஓட்டையாகாமல் சுரண்டி எடுப்பதுபோல், குடல் சுவரைத் திறக்காமல் முடிச்சை மட்டும் சீவி எடுப்பது முதல் வகை. முடிச்சு ஆழமாக இருந்து, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கினால், அந்த வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டையை மூடுவது இரண்டாவது. முடிச்சு பெரிதாகவோ பலவாகவோ இருந்தால், குடல் சுருங்கியிருந்தால், அந்தத் துண்டையே வெட்டி எடுத்து இரு முனைகளையும் ஸ்டேப்ளரால் இணைப்பது மூன்றாவது. துண்டாக எடுத்துவிட்டால் நோய் வேரோடு போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிரான்சின் ரூவான் நகரில் ஹொராஸ் ரோமான் தலைமையில் 60 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. குடலைத் துண்டாக வெட்டியவர்களுக்கும் சீவியோ வட்டமாகவோ எடுத்தவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு குடல் இயக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனவே 'முழுசா எடுத்துடுங்க டாக்டர்' என்று நாமாக வற்புறுத்த வேண்டியதில்லை. எந்த வகை, ஏன் என்பதைப் படத்தை வைத்துக்கொண்டு விளக்கச் சொல்ல வேண்டும்.

பெண்கள் மிகவும் பயப்படுவது பையைப் பற்றி. "வயித்துல பை வச்சிடுவாங்களாமே" என்று ஸ்கேன் வரிசையிலேயே பேச்சு ஓடும். குடலை இணைத்த இடம் ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலோ, பிறப்புறுப்பின் சுவரையும் சேர்த்து வெட்ட நேர்ந்தாலோ, ஒட்டு ஆறும்வரை மலம் அந்த வழியே போகாமலிருக்கச் சிறுகுடலை வயிற்றின்மேல் திறந்து பை பொருத்துவார்கள். இது தற்காலிகம். பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு சிறிய ஆபரேஷனில் மூடிவிடுவார்கள். பெரும்பாலோருக்குப் பை தேவைப்படுவதில்லை. ஆனால் தேவைப்படலாம் என்பதை முன்பே சொல்லி, புடவையோ சுடிதாரோ கட்டும் இடத்தைப் பார்த்து, உட்கார்ந்தும் நின்றும் காட்டச் சொல்லி, வயிற்றில் பேனாவால் குறியிடுவது நல்ல மருத்துவமனைக்கு அடையாளம். விழித்தெழுந்து பையைப் பார்த்து அதிர்வதற்கும், வரக்கூடும் என்று அறிந்து ஏற்பதற்கும் உள்ள தூரம்தான் நான் சொல்லவந்த அன்றும் இன்றும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் லேசான உணவு, குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்து அல்லது எனிமா. ஆபரேஷன் இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். வெளியே காத்திருப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பாடு பெரும்பாடு. விழிக்கும்போது யூரின் டியூப், டிரிப்ஸ், சிலருக்கு வயிற்றிலிருந்து நீர் வடியும் ஒரு குழாய் இருக்கும். தோள்பட்டை வலிக்கும். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவால் வருவது, இரண்டொரு நாளில் போய்விடும். மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவார்கள். தண்ணீர், இளநீர், கஞ்சி, பிறகு குழைந்த சாதம் என்று உணவு படிப்படியாக வரும். சீவி எடுத்தவர்கள் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். குடலைத் துண்டாக எடுத்தவர்களுக்கு நான்கு முதல் ஏழு நாள்.

ஆபத்துகளை மறைக்கக் கூடாது. குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது நூற்றில் சிலருக்கு நேர்கிறது. மலக்குடலில் தாழ்வான இடம் என்றால் கூடுதல். மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே புழை விழலாம். சிலருக்குச் சிறுநீர் தானாக இறங்காமல், சில வாரம் தாமே டியூப் செலுத்தி எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு, பிறப்புறுப்பு வழியே காற்றோ மலமோ வருதல் இவற்றில் எதைக் கண்டாலும் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108.

யாரும் சரியாகச் சொல்லாத ஒன்று, அடுத்த சில மாதங்களின் மலப்போக்கு. மலக்குடலில் ஒரு பகுதி போனபின் அங்கே இடம் குறைவு. ஒரு நாளைக்கு ஆறு, எட்டு முறைகூடப் போக வேண்டிவரலாம். வந்தால் அடக்க முடியாது. போய்விட்டு எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டில் இது படியும். சிலருக்கு முழுதாகப் படியாமலும் போகும். தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கும், ஆவடியிலிருந்து நின்றபடி ரயிலில் போகிறவருக்கும் இது சின்ன விஷயமே இல்லை. வேலைக்குத் திரும்பும் நாளை முடிவுசெய்யும் முன் இதைக் கணக்கில் எடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு என்பார்கள். அந்த ஆறு வாரமும் குடம், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி வாளி எதையும் தூக்கக் கூடாது. வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறை மட்டும்தான் என்றால் ஒரு கமோட் நாற்காலி வாங்கிவைப்பது பெரிய உதவி. தாம்பத்திய உறவு ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் பரிசோதித்துச் சொன்னபின்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மகப்பேறு ஆபரேஷன், குடல் ஆபரேஷன் இரண்டுக்கும் சேர்த்து அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அயனாவரமோ கே.கே. நகரோ போகலாம். ஓய்வு நாட்களுக்கும் இ.எஸ்.ஐ. உதவும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். இதைத் தெரியாமல் இரண்டாவது வாரமே மெஷினுக்குத் திரும்பிய பெண்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் மாறிவிட்டதா? 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலேயே பெயர் ஒட்டாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். வலி என்றால் விடுப்பு இல்லை, மாத்திரை உண்டு. மெஃபனாமிக் ஆசிட் கலந்த வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் பத்தாண்டு விழுங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்த மருந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. வலி தொடங்கியதிலிருந்து நோய்ப் பெயர் தெரியும்வரை பல ஆண்டுகள் கழிவது உலகெங்கும் இன்னும் நடக்கிறது. படம் எடுக்கும் கருவி அண்ணா நகரிலும் போரூரிலும் வந்துவிட்டது. "பீரியட்ஸ் டைம்ல மோஷன் போறப்ப வலிக்குதாம்மா?" என்ற கேள்வி அம்பத்தூர் கிளினிக்குக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும், அதே வார்த்தைகளில், எந்த நாளில் எத்தனை வலி என்று மூன்று மாதம் எழுதி எடுத்துக்கொண்டு போய்.

ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. நோய் திரும்ப வரலாம். குழந்தைக்கு உடனே முயலாதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையைத் தொடரச் சொல்வது அதனால்தான், வலி போய்விட்டதென்று தாமாக நிறுத்தக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சுருக்கச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. சி.டி. மூன்றையும் கேட்டு வாங்குங்கள். குடலில் எத்தனை சென்டிமீட்டர் எடுத்தார்கள், ஒட்டு எந்த உயரத்தில், சினைப்பைகள் இரண்டும் இருக்கின்றனவா, சிறுநீர்க்குழாயைத் தொட்டார்களா என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். ஐம்பது வயதில் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எழுதும் டாக்டருக்கும், அறுபதில் கொலோனாஸ்கோப்பி செய்பவருக்கும் அந்தக் காகிதம் தேவைப்படும். போனில் ஒரு படம் எடுத்து மகளுக்கோ தங்கைக்கோ அனுப்பிவையுங்கள். இந்த நோய் நெருங்கிய ரத்த உறவுப் பெண்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம், அவர்களுக்கும் அது உதவும்.